இன்னும் கொஞ்சம் ஊறட்டும்

1

இந்தக் கதை எனக்குப் பெங்களூர் காக்ஸ் டவுனில், நாய் பூனைச் சாமான்கள் விற்கும் ஒரு சின்னக் கடையில் கிடைத்தது. என் பூனையின் கழிவுத் தட்டுக்கு மணல் வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெரியவர் நின்றார். நெற்றியில் பாதி அழிந்த விபூதி, இஸ்திரி மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை, காலில் ரப்பர் செருப்பு. குட்டி நாய்த் தீனிப் பை ஒன்றை மூக்குக்குக் கிட்டே பிடித்து, பின்பக்கத்துப் பொடி எழுத்துகளை ஒன்று விடாமல் படித்துக்கொண்டிருந்தார். படித்து முடித்ததும் கடைக்காரரைப் பார்த்துக் கேட்டார்:

“இதுலயே சைவமா ஏதாவது இருக்கா?”

கடைக்காரர் ஹரிஷ் நல்ல மனிதர், சிரிக்கவில்லை. “இருக்கு சார். ஆனா குட்டிங்க மூஞ்சியத் திருப்பிக்கும். சிக்கன் போட்டதுதான் சாப்பிடும்.”

பெரியவர் பையைத் திருப்பினார். முன்பக்கம் முழுக் கோழியின் படம் பளபளவென்று இருந்தது. “சரி, குடுங்கோ. மேல ஒரு பேப்பர் சுத்திடுங்கோ. ஆத்துல கோழி தெரியப்படாது.”

பேப்பர் சுற்றிய பையை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். நான் கண்டது அவ்வளவுதான். அவர் பெயர் தெரியாது, வீடு தெரியாது, குட்டியைப் பார்த்ததே இல்லை. இனி வருவதெல்லாம் நான் சேர்த்தது. ‘நிஜமாகவே நடந்ததா?’ என்று பின்னால் கேட்டு என்னைச் சங்கடப்படுத்தாதீர்கள். அந்தப் பையை அவர் பிடித்திருந்த விதம் மட்டும் நிஜம். மழையில் கைக்குழந்தையோடு தெருவைக் கடக்கிறவர்கள் அப்படித்தான் பிடிப்பார்கள். பூனைக்கு மணல் வாங்காமலே வீடு திரும்பி எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் வாக்கியம்தான் தகராறு செய்தது.

‘வைத்தீஸ்வரன் தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கோழியை வீட்டுக்குள்—’

வேண்டாம். அவரை உங்களுக்குத் தெரிவதற்கு முன்பே அவரைப் பார்த்துச் சிரிக்கவைக்கிறது.

‘காக்ஸ் டவுன் சர்ச் மணி அடித்து ஓய்ந்த அந்த இளங்காலையில், பனியின்—’

பனியில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.

‘ஸ்வர்ணா தன் கணவனைப் பிரிந்த பிறகும், மாமனார் வீட்டுக்குத் தினமும் காலையில் வந்துபோனாள்.’

இது நிற்கிறது. இதிலிருந்தே போகலாம்.

வைத்தீஸ்வரன் பொதுப்பணித் துறையில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தாத்தா மைசூர் ராஜ்ய உத்தியோகத்துக்கு வந்தவர். அதற்குப் பிறகு குடும்பத்தில் எல்லோருக்கும் பெங்களூருதான் ஊர். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். மனைவி சுப்புலக்ஷ்மி. ஒரே பிள்ளை அபினவ். அவன் மனைவிதான் ஸ்வர்ணா.

அபினவும் ஸ்வர்ணாவும் ஏன் பிரிந்தார்கள் என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவன்மேல் தப்பு, ஒன்றில் அவள்மேல். மூன்றாவதில் இருவர்மேலும் தப்பில்லை, அதைப் படித்தபோதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. மூன்றையும் அடித்துவிட்டேன். யாரும் யாரையும் அடிக்கவில்லை, ஏமாற்றவில்லை. ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவது முதலில் நின்றது, பேச்சு பிறகு நின்றது. அவன் புனேவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். அவள் பானஸ்வாடியில் ஆபீஸ் தோழிகள் இருவரோடு ஒரு ஃபிளாட்டில் போய் இருந்தாள். விவாகரத்து மனுவில் இருவரும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது.

அந்த ஃபிளாட்டின் வாசலில்தான் தண்ணீர் லாரி ஒன்று தெருநாயின் மேல் ஏறியது. அதற்கு ஒரு குட்டி இருந்தது. கண் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். ஸ்வர்ணா அதைத் துப்பட்டாவில் சுற்றி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். வீட்டுக்கார அம்மாள் நாய் வேண்டாம் என்று படியிலேயே மறித்தாள்: “நாயி பேடம்மா, நாயி பேடா.” ஸ்வர்ணா படியில் நின்றபடியே போனை எடுத்தாள். அவளுடைய அம்மாவும் அப்பாவும் இருப்பது சேலத்தில். பெங்களூரில் பின்கட்டு உள்ள வீடு அவளுக்கு ஒன்றுதான் தெரியும்.

“நான் ஸ்வர்ணா. ஒரு நாய்க்குட்டி... அம்மா செத்துப்போயிடுத்து. கொஞ்ச நாளைக்கு உங்காத்துப் பின்பக்கம்...”

வைத்தீஸ்வரன் மனைவியைக் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்ததால் கேட்கவில்லை. “கொண்டு வா,” என்றார்.

3

வந்த முதல் நாளே குட்டி பின்கட்டு முழுவதும் தள்ளாடி நடந்தது. துவைக்கிற கல், வாளி, குழாயடி, சுவர் விரிசல் என்று எல்லாவற்றையும் மூக்கால் தொட்டுப் பார்த்தது. சுவர் விரிசலில் கொஞ்சம் அதிக நேரம் நின்றது. பிறகு வந்து வைத்தீஸ்வரன் காலடியில் உட்கார்ந்தது. ஆயுள் முழுக்கக் கட்டட வேலையில் நின்றவருக்கு அந்த நடை யாருடையது என்று தெரியும்.

“மேஸ்திரி வந்தாச்சு,” என்றார்.

“அது பொண்ணு,” என்றாள் ஸ்வர்ணா.

“பொண்ணு மேஸ்திரியா இருக்கப்படாதோ?”

ஏற்பாடு இதுதான். ஸ்வர்ணா தினமும் ஆபீஸுக்குப் போகும் வழியில் வந்து குட்டிக்குச் சாப்பாடு கொடுத்துப் பழக்குவாள். மற்ற வேளைகளில் வைத்தீஸ்வரன் பார்த்துக்கொள்வார். அவள் வேறு வீடு தேடிக்கொண்டிருந்தாள், நாய்க்கு ஆட்சேபணை இல்லாத வீடு. “டிரை ஃபுட் தானா சாப்பிட ஆரம்பிச்சுடுத்துன்னா, தட்டுல போட்டு வெச்சுட்டு ஆபீஸ் போயிடலாம். அப்போ நான் கூட்டிண்டு போயிடறேன்,” என்றாள்.

(நாய் வளர்க்காதவர்களுக்காக ஒரு குறிப்பு. தாயில்லாக் குட்டிக்கு முதலில் அதற்கென்று விற்கிற பால்பொடியைக் கரைத்துக் கொடுப்பார்கள். பல் முளைக்கத் தொடங்கியதும் உலர்ந்த தீனியை வெந்நீரில் ஊறவைத்து, நசுக்கி, கூழாக்கித் தட்டையான தட்டில் வைப்பார்கள். நாளாக ஆகத் தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். கடைசியில் ஒரு நாள் தண்ணீரே வேண்டியிருக்காது. இதில் கஷ்டம் ஒன்றும் இல்லை என்று படிக்கும்போது தோன்றும்.)

மேஸ்திரி முதல் நாள் கூழில் முன்கால் இரண்டையும் வைத்தாள். இரண்டாம் நாள் அதில் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் மூக்கை விட்டு, தும்மி, ஸ்வர்ணாவின் ஆபீஸ் சட்டையெல்லாம் கோழிக் கூழாக்கினாள். பால் புட்டியைக் கண்டால் மட்டும் உடம்பு முழுவதையும் வாலாக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

“பா மேஸ்திரி, ஊட்டா மாடு,” என்று, வந்து சாப்பிடச் சொல்லி வைத்தீஸ்வரன் கெஞ்சினார். நாயோடு அவர் எப்போதும் கன்னடத்தில்தான் பேசுவார். தெருநாய்க்குத் தமிழ் எப்படித் தெரியும் என்பது அவர் கட்சி.

சுப்புலக்ஷ்மி இந்த வேளையில் பின்கட்டுப் பக்கம் வரமாட்டாள். அவளுக்கு ஸ்வர்ணாமேல் கோபம். பிள்ளைமேலும் கோபம்தான், ஆனால் அவன் புனேயில் இருந்தான். அவள் வராவிட்டாலும், ஸ்கூட்டர் சத்தம் கேட்ட கொஞ்ச நேரத்தில் சமையலறை ஜன்னல் விளிம்பில் இரண்டு டம்ளர் காபி வந்து நிற்கும். வைத்த கை தெரியாது. ஸ்வர்ணா குடித்துவிட்டு டம்ளரைக் குழாயடியில் கழுவி அதே இடத்தில் கவிழ்த்துவிட்டுப் போவாள்.

ஸ்வர்ணாவும் ஒன்றை நிறுத்தியிருந்தாள். முன்பெல்லாம் அவரை ‘அப்பா’ என்றும் சுப்புலக்ஷ்மியை ‘அம்மா’ என்றும் கூப்பிடுவாள். இப்போது எதுவும் கூப்பிடுவதில்லை. “கேட் திறந்திருந்தது”, “தண்ணி சூடா இருக்கா?”, “நாளைக்கு வரேன்” என்று கூப்பிடாமலே பேசிப் பழகியிருந்தாள். தமிழில் இது சுலபமான காரியமில்லை, இந்தக் கதையில் அவளுக்கு வசனம் எழுதிப் பார்த்த எனக்குத் தெரியும். வைத்தீஸ்வரன் அதைக் கவனித்தார். ‘மாமா’ என்றாவது கூப்பிடலாமே என்று நினைத்தார். கேட்கவில்லை.

4

இந்த இடத்தில் என் முதல் பிரதியில் வைத்தீஸ்வரன் சாப்பிடுவதுபோல் பாவனை மட்டும்தான் செய்தார். படித்த சினேகிதி ஒருத்தி, “அதுதான் சரி, அவர் வேற எப்படிப் பண்ணுவார்?” என்றாள். அவள் சொன்ன பிறகுதான் அது சரியில்லை என்று எனக்குத் தெரிந்தது. மாற்றி எழுதினேன்.

அன்று மேஸ்திரி தட்டில் இருந்த தண்ணீரை மட்டும் நக்கிவிட்டு, உருண்டைகளை அப்படியே விட்டுவிட்டாள். ஸ்வர்ணா விரலில் எடுத்து நீட்டினாள். உதட்டில் தடவினாள். மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டு துவைக்கிற கல்லைப் பார்த்தாள். ஸ்வர்ணாவுக்கு ஆபீஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கண் கலங்கியது. “அம்மா இருந்திருந்தா எப்படிச் சாப்பிடறதுன்னு காமிச்சுக் குடுத்திருக்கும்,” என்றாள்.

வைத்தீஸ்வரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து காய்ந்த உருண்டை ஒன்றை எடுத்தார். குட்டியின் முகத்துக்கு நேரே காட்டினார். “நோடு மேஸ்திரி. ஹீகே.” பார், இப்படி என்று.

வாயில் போட்டுக்கொண்டார்.

கடித்தார். ‘கறுக்’கென்று சத்தம் கேட்டது. ஸ்வர்ணா கையில் கூழோடு அப்படியே நின்றாள். அவர் அவசரப்படாமல், அரைத்து, கடைவாய்க்குத் தள்ளி, மென்றார். மேஸ்திரி தலையை இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள்.

“உப்பே இல்லை,” என்றார் வைத்தீஸ்வரன்.

ஸ்வர்ணா சிரித்தாள். வந்த நாளிலிருந்து முதல் சிரிப்பு. அடக்கப் பார்த்து, முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மேஸ்திரி அவர் மடியில் முன்கால் வைத்து எம்பி அவர் வாயை நக்கினாள். (தாய்நாயின் வாயைக் குட்டிகள் இப்படித்தான் நக்கிச் சாப்பாடு கேட்குமாம்.) அவர் தட்டிலிருந்து ஊறிய உருண்டை ஒன்றை எடுத்துத் தன் உதட்டருகே பிடித்தார். மேஸ்திரி அதை வாயில் வாங்கினாள். துப்பினாள். மறுபடி எடுத்தாள். விழுங்கினாள்.

சமையலறை ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது: “நன்னா கொப்புளிச்சுட்டு உள்ள வாங்கோ.”

அந்த ஜன்னலைத் தாண்டி வந்த முதல் பேச்சு அதுதான். யாரைப் பார்த்துச் சொன்னது என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் ஸ்வர்ணா சிரிப்பை நிறுத்திவிட்டு ஜன்னலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

5

இனி எனக்கு ஒரு சந்தேகம்.

கதை இங்கிருந்து நேராகப் போக வேண்டும். குட்டி சாப்பிடத் தொடங்கிவிட்டது, தண்ணீர் குறைய வேண்டும், கூழ் உருண்டையாக வேண்டும். ஆனால் நான் எழுத எழுத வைத்தீஸ்வரன் வழிக்கு வரவில்லை. காலையில் ஸ்வர்ணா வருவதற்குள் அவரே தீனியை ஊறவைத்துவிடுகிறார். அவள் வந்து பார்த்தால் கஞ்சியாக இருக்கிறது.

“இவ்வளவு தண்ணியா? டாக்டர் கம்மி பண்ணச் சொன்னாளே.”

“பல்லு இன்னும் வரலையோன்னோ.”

“வந்துடுத்து. என் விரலைப் பாருங்கோ.”

“இன்னும் கொஞ்சம் ஊறட்டும்மா. என்ன அவசரம்?”

அதோடு போகட்டும். அவள் ஸ்கூட்டர் தெருமுனை திரும்பியதும், தன் பங்குத் தயிர்சாதத்தில் ஒரு பிடியை எடுத்துக்கொண்டுபோய் மேஸ்திரிக்கு ஊட்டுகிறார். வயிறு நிறைந்த குட்டி மறுநாள் தட்டைத் தொடுமா?

இவர் ஏன் இப்படிச் செய்கிறார்? தயிர்சாதம் சாப்பிட்டு வளர்ந்தவருக்கு அதைவிட நல்ல ஆகாரம் உலகத்தில் இல்லை என்ற எண்ணமா? அல்லது குட்டி தானாகச் சாப்பிடக் கற்றுக்கொண்டால் ஸ்வர்ணா வருவதற்குக் காரணம் இருக்காது என்று—

முடிக்கவில்லை. முடித்தால் அவரைத் தந்திரக்காரர் ஆக்கிவிடுவேன். அவர் அப்படியெல்லாம் யோசித்து வைத்துச் செய்கிறவர் இல்லை. கை செய்தது. காலையில் கேட் சத்தத்துக்காகக் காது காத்திருந்ததும் அப்படித்தான். அவளுடைய கல்யாணத்துக்கு முன்பு அந்த வீட்டில் அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொண்டதைவிட, அவள் வந்த பிறகு இரவுச் சாப்பாட்டில் அவளும் அவரும் பேசிக்கொண்டது அதிகம். மெட்ரோ பாலத்தின் தூண்களைப் பற்றி அவர் சொன்னதை வாய் பிளந்து கேட்ட ஒரே ஆள் அவள்தான். பிள்ளை விவாகரத்து வாங்கலாம். மாமனார் எங்கே போய் என்ன மனு கொடுப்பார்?

6

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்வர்ணா வந்தபோது மேஸ்திரி ஓடிவரவில்லை. துவைக்கிற கல்லின் ஓரத்தில் பக்கவாட்டில் படுத்திருந்தாள். சுற்றிலும் தண்ணீர் தண்ணீராகப் போயிருந்தது. தூக்கினால் துணிபோலத் தொங்கினாள். ஸ்வர்ணா தோல்மடிப்பைப் பிடித்து விட்டாள். உடம்பில் நீர் வற்றியிருந்ததால் அது பழைய இடத்துக்குத் திரும்பாமல் மடிந்தபடியே நின்றது.

வைத்தீஸ்வரன் குளித்துவிட்டு வந்தவர் ஈரத் துண்டோடு நின்றார். “ராத்திரி நன்னா இருந்துதே. நன்னா இருந்துதேம்மா.”

ஸ்வர்ணா மிருக வைத்தியர் ஸ்னேஹாவைப் போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தாள். இரண்டு கையும் குட்டிமேல் இருந்தது.

“என்ன சாப்பாடு போகுது?” என்றது போன்.

“ஊறவெச்ச டிரை ஃபுட்தான் டாக்டர். வேற ஒண்ணும் இல்லை.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பசும்பால் ஏதாவது கொடுத்தீங்களா? நெறையப் பேரு கொடுத்துடறாங்க. குட்டிங்களுக்கு ஆகாது.”

“இல்லவே இல்லை.”

வைத்தீஸ்வரன் வாயைத் திறந்தார். தயிர்சாதத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

“பால் நான்தான் குடுத்தேன்.”

சுப்புலக்ஷ்மி சமையலறை வாசலைத் தாண்டிப் பின்கட்டில் வந்து நின்றாள். கையில் காபி டம்ளர்கள் இருந்தன. அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றாள்.

போனிலிருந்து பதில் வந்தது: “சரி, உடனே கொண்டு வாங்க. நான் கிளினிக்லதான் இருக்கேன்.”

ஆட்டோவில் மூன்று பேரும் ஏறினார்கள். குட்டியை யார் எப்படி வாங்கிக்கொண்டார்கள் என்று ஒருவருக்கும் நினைவில்லை, ஆனால் கிளம்பியபோது அது சுப்புலக்ஷ்மியின் மடியில், புடவைத் தலைப்புக்குள் இருந்தது. அதுவரை அவள் அதைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை. ஸ்வர்ணா நடுவில் உட்கார்ந்திருந்தாள். வீலர் சாலையில் சிக்னல் விழுந்தது.

“எத்தனை நாளா?” என்றாள் ஸ்வர்ணா, முன்னால் பார்த்தபடியே.

“தினம்தான். நீ ஆபீஸுக்குப் போனதும், இவர் பேப்பர் படிக்க உக்காந்தப்பறம். ஒரு கரண்டி. நேத்திக்கு ரெண்டு.” சுப்புலக்ஷ்மி குனிந்து தலைப்பை விலக்கிக் குட்டி மூச்சு விடுகிறதா என்று பார்த்தாள். “நீ போனப்பறம் கேட்டையே பார்த்துண்டு கத்தும். கேட்டுண்டு எப்படி இருக்கறது? எனக்கென்ன தெரியும், பால் ஆகாதுன்னு? பால் குடுத்தா கெடுதல்னு யார் சொல்லியிருக்கா?”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா.”

‘அம்மா’. அந்தச் சொல்லை நான் திட்டமிடவில்லை. வசனம் எழுதும்போது கை போட்டுவிட்டது, ஸ்வர்ணாவின் வாயும் அப்படியே சொல்லிவிட்டது. அடித்துப் பார்த்தேன். அடித்தால் வாக்கியம் நிற்கவில்லை. இருக்கட்டும்.

“உன்கிட்ட எப்படிக் கேப்பேன்?” என்றாள் சுப்புலக்ஷ்மி. “பேசறதில்லையே.”

சிக்னல் மாறியது. ஆட்டோ கிளம்பிய குலுக்கலில் வைத்தீஸ்வரன் சொன்னார்: “நானும் குடுத்திருக்கேன். தயிர்சாதம்.”

இரண்டு பெண்களும் ஒரே சமயத்தில் அவர் பக்கம் திரும்பினார்கள்.

“ரெண்டு பேருமா?” என்றாள் ஸ்வர்ணா. அவளுக்குக் கண்ணில் தண்ணீரும் வந்தது, சிரிப்பும் வந்தது, இரண்டையும் ஒரே துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். “ரெண்டு பேருமா சேந்து இப்படி...”

“சேந்து இல்லை,” என்றாள் சுப்புலக்ஷ்மி விறைப்பாக. “இவர் குடுத்தது எனக்குத் தெரியாது.”

கிளினிக்கில் மேஸ்திரியின் முன்காலில் மயிரை வழித்து ஊசி குத்தி, சின்ன பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் ஏற்றினார்கள். இரும்பு மேஜையில் அவள் ஒரு மடித்த துண்டு அளவே இருந்தாள். மத்தியானம் வரைக்கும் அவர்கள் அங்கேயே இருந்தார்கள். இந்தக் கதையில் நான் அவளைச் சாகவிடலாம். சோகமாக முடியும் கதைக்கு ஒரு மரியாதை உண்டு. நான் அந்தப் பக்கத்தையும் எழுதிப் பார்த்தேன். அதில் மூன்று பேரும் ஒருவரையொருவர் மன்னிக்க முடியாமல் ஆட்டோவில் திரும்புகிறார்கள். கிழித்துப் போட்டுவிட்டேன். ஒரு கரண்டிப் பாலுக்கு அவ்வளவு தண்டனையா?

மத்தியானத்துக்குப் பிறகு மேஸ்திரி தலையைத் தூக்கினாள். மேஜையை மோந்தாள். பாட்டில் தொங்கிய கம்பியை மோந்தாள்.

“வேலை பாக்க ஆரம்பிச்சுட்டா,” என்றார் வைத்தீஸ்வரன். மருந்துச் சீட்டை வாங்கிப் படிப்பதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டார்.

7

அதற்குப் பிறகு பின்கட்டில் மூன்று பேர். சுப்புலக்ஷ்மி மோடா போட்டு உட்கார்ந்துகொண்டு, தண்ணீர் அளவைத் தானே பார்த்து ஊற்றினாள். யார் அதிகம் ஊற்றப் போனாலும் கையைத் தட்டினாள். “டாக்டர் சொன்னது இவ்வளவுதான்.” காபி இப்போது ஜன்னலில் நிற்கவில்லை, கையில் வந்தது. தயிர்சாதம் முற்றிலும் நின்றது. வைத்தீஸ்வரன் சாப்பிட்டு எழுந்ததும் தட்டைக் காலி என்று மனைவியிடம் காட்டிவிட்டுப் போக வேண்டியிருந்தது.

கோழிப் படத்தைச் சுற்றிய பேப்பர் எப்போது கிழிந்தது என்று தெரியவில்லை. யாரும் புதிதாகச் சுற்றவில்லை.

கூழ் கெட்டியானது. பிறகு உருண்டை உருண்டையாகத் தெரிந்தது, மேலே மட்டும் ஈரமாக. மேஸ்திரி அதை முழுசாக விழுங்காமல் கடிக்கத் தொடங்கினாள். ஸ்வர்ணாவுக்கு ஹென்னூர் பக்கம் வீடு கிடைத்தது. தரைத்தளம், வீட்டுக்காரர்களிடமே இரண்டு நாய்கள் இருந்தன.

“அவாத்து நாய் கடிக்காதோ?” என்றாள் சுப்புலக்ஷ்மி.

“பாத்துட்டு வந்தேம்மா. கிழடு ரெண்டும்.”

“தூரமாச்சே,” என்றார் வைத்தீஸ்வரன்.

“இல்லப்பா, ஸ்கூட்டர்ல அரை மணி.”

அரை மணி என்பது ஹென்னூரிலிருந்து யாரும் ஒருநாளும் வந்தறியாத நேரம் என்று மூவருக்கும் தெரியும். யாரும் மறுக்கவில்லை.

இங்கே என் பதிப்பாசிரியர் என்னைக் கேட்டிருப்பார்: அபினவ் எங்கே? அவன் ஒருநாள் புனேயிலிருந்து வருவான், பின்கட்டில் மூவரும் குட்டியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பான், மனம் மாறுவான். இப்படி முடித்தால் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். ஆனால் ஒரு நாய்க்குட்டியின் முதுகில் அவ்வளவு பாரத்தை ஏற்றக் கூடாது. அபினவ் போனில் பேசினான். பின்னால் குரைப்புச் சத்தம் கேட்டு, “என்னப்பா அது?” என்றான். வைத்தீஸ்வரன் உள்ளதைச் சொன்னார். அவன், “சாப்பிடறதா?” என்று மட்டும் கேட்டான். அவனும் நல்லவன்தான். கோர்ட்டில் கொடுத்த மனு அதன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

8

நேற்று எழுதியது இது. (‘நேற்று’ எனக்கு. அவர்களுக்கு அது ஒரு வியாழக்கிழமை மாலை.)

சுப்புலக்ஷ்மி உள்ளே விளக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தாள். வைத்தீஸ்வரன் பின்கட்டில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி வாளிக்குப் பின்னால் எதையோ நோண்டிக்கொண்டிருந்தாள்.

‘கறுக்.’

அவர் பேப்பரை இறக்கினார். எப்போதோ பையிலிருந்து உருண்டு போன காய்ந்த உருண்டை ஒன்று அவள் வாயில் இருந்தது. கடித்துக்கொண்டிருந்தாள். அவசரப்படாமல், கடைவாய்க்குத் தள்ளி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு.

வைத்தீஸ்வரன் ஓசைப்படாமல் எழுந்துபோய்ப் பையைக் கொண்டுவந்தார். ஒரு கை அள்ளித் தட்டில் போட்டார். தண்ணீர் இல்லை, ஒன்றும் இல்லை. மேஸ்திரி வந்தாள், மோந்தாள், குனிந்தாள். கறுக், கறுக், கறுக். தட்டு காலியாகும் வரை நிமிரவில்லை. பிறகு போய்க் கிண்ணத்துத் தண்ணீரை நக்கிக் குடித்துவிட்டு வந்து, ‘அடுத்து என்ன?’ என்பதுபோல் அவரைப் பார்த்தாள்.

அவருக்கு முதலில் வந்தது பெருமைதான். இதை நான் அழுத்திச் சொல்லிவிட வேண்டும். அபினவ் முதல்முதலில் சைக்கிளில் விழாமல் தெருமுனை வரை போனபோது வந்த அதே பெருமை. இரண்டாவதாக வந்தது அதற்கப்புறம்தான், ஆனால் அது வந்ததும் அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

வாசலில் சுப்புலக்ஷ்மி நின்றாள், விரலெல்லாம் எண்ணெய். “என்ன சத்தம்?”

அவர் தட்டைக் காட்டினார். அவள் தட்டைப் பார்த்தாள், குட்டியைப் பார்த்தாள். படியில் உட்கார்ந்துகொண்டாள். மேஸ்திரி போய் அவள் விரலிலிருந்த எண்ணெயை நக்கினாள். அவள் விலக்கவில்லை.

“சொல்லப் போறேளா?” என்றாள் கடைசியில்.

என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

முதலாவது: சொல்கிறார். ஸ்வர்ணா ஆபீஸிலிருந்து நேரே ஓடிவருகிறாள். மூவரும் தரையில் உட்கார்ந்து, உருண்டை உருண்டையாகப் போட்டு, ஒவ்வொரு கறுக்குக்கும் கைதட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி ஹென்னூர் போகிறாள். திங்கட்கிழமை காலையில் கேட் சத்தம் கேட்கவில்லை.

இரண்டாவது: சொல்லவில்லை. நாளைக் காலை வழக்கம்போல் ஊறவைக்கிறார். இந்தத் தடவை இருவரும் சேர்ந்து. எத்தனை நாள் தாங்கும் என்று அவர்களுக்கே தெரியாது.

மூன்றாவதில், ஸ்வர்ணாவுக்கு ஏற்கெனவே தெரியும். போன வாரமே ஒரு காலையில், சுப்புலக்ஷ்மி காபி எடுக்க உள்ளே போனபோது, மேஸ்திரி ஸ்வர்ணாவின் கையிலிருந்து காய்ந்த உருண்டையை வாங்கிக் கடித்துத் தின்றாள். ஸ்வர்ணா சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதவள்போல் தட்டில் வெந்நீரை ஊற்றினாள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பிடித்திருப்பதாலேயே இதை நம்பப் பயமாக இருக்கிறது. நான் ஆசைப்பட்டதற்காக அவள் அப்படிச் செய்திருப்பாளா?

மூன்றையும் எதிரில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். வைத்தீஸ்வரன் எனக்காகக் காத்திருக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஸ்வர்ணாவின் பெயரைத் தேடி அழுத்திவிட்டார். ஆனால் மணி போகத் தொடங்கியதும் சுப்புலக்ஷ்மியிடம் நீட்டுகிறார். அவள் எண்ணெய்க் கையைக் காட்டித் தலையை ஆட்டுகிறாள். அவர் என்னைப் பார்க்கிறார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நீங்கள் போனை வாங்கிக்கொள்ளுங்கள். எடுத்துவிட்டாள். ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தியிருக்கிறாள்போல, பின்னால் பஸ் ஹாரன் கேட்கிறது. “மேஸ்திரிக்கு ஒண்ணும் இல்லையே?” என்கிறாள், மூச்சு வாங்க. ஏதாவது சொல்லுங்கள். பயந்துபோயிருக்கிறாள்.